விண்வெளிக்குக் கொடுத்த விலை: கோப்பெங் வட்டாரத்திலிருந்து ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், தித்திவங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் கோப்பெங் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இங்கிருந்து ராக்கெட் எதுவும் கிளம்பியதில்லை. கிளம்பவும் வழியில்லை, ஏனெனில் பூமியின் சுழற்சி வேகத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காக ராக்கெட்டுகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் செலுத்தப்படுகின்றன, கோப்பெங்கிற்குக் கிழக்கே மலையும் அதற்கப்பால் மக்கள் வாழும் பகாங் மாநிலமும் உள்ளன. ஆயினும், சிறிய நாடு ஒன்று விண்வெளிக்கு எவ்வாறு விலை கொடுத்தது, அந்த விலை எவர் கையிலிருந்து சென்றது என்பவற்றை ஆராய இவ்வட்டாரம் பொருத்தமானது. வரிப்பணம், மாதச் சந்தா, பண்டமாற்று ஆகிய மூன்று வழிகளில் மலேசியா விண்வெளியை வாங்கியிருக்கிறது. மூன்றிலும் கோப்பெங்கை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கின் குடும்பங்களுக்கோ இம்மண்ணில் விளையும் பொருளுக்கோ ஏதோ ஒரு பங்கு உண்டு.

பெருமுதல் போட்டுக் காத்திருக்கும் தொழில் இப்பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் வளமிக்க வெள்ளீய நிலங்களுள் ஒன்றாகக் கிந்தா அறியப்பட்டது. மலேசியத் தமிழர் பேச்சில் வெள்ளீயம் வெறும் ‘ஈயம்’ என்றும், அதைத் தோண்டி எடுத்த குழியில் தேங்கிய நீர்நிலை ‘ஈயக்குட்டை’ என்றும் வழங்கும்; நச்சுத்தன்மை கொண்ட காரீயம் வேறு. தொடக்கத்தில் சீனச் சுரங்கக்காரர்கள் மண்வெட்டி, கூடை, நீரிறைக்கும் சங்கிலி ஏற்றம் ஆகியவற்றைக் கொண்டு, அதிக ஆட்களாலும் குறைந்த முதலாலும் தொழிலை நடத்தினர். இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டாரத்திலுள்ள ரெட்ருத் நகரில் 1892-இல் பதிவான கோப்பெங் ஈயச் சுரங்க நிறுவனம் வேறு வழியைக் கொண்டுவந்தது. மலையிலிருந்து நீரைக் குழாய்களில் இறக்கி, அந்த அழுத்தத்தாலேயே நீரைப் பீய்ச்சி மண்சரிவுகளைக் கரைத்து, சேற்றுநீரைப் ‘பாலோங்’ எனப்படும் நீண்ட மரச்சரிவில் ஓடவிட்டு, கனமான ஈயமணலை அடியில் தங்கச் செய்யும் முறை அது. குழாய்கள் முழுவதையும் பதித்து முடிக்கும்வரை ஒரு படி ஈயமும் கிடைக்காது. பதித்து முடித்தபின் நீருக்கு விலை இல்லை.

1913-இல் பத்து காஜாவில் இயங்கத் தொடங்கிய ஈயக்கப்பல் இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்கியது. தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, வாளிச் சங்கிலியால் முன்னால் உள்ள மண்ணை அள்ளி, உள்ளேயே அலசி, கழிவைப் பின்னால் தள்ளிக்கொண்டு நகரும் மிதவை ஆலை அது. 1938-இல் கட்டப்பட்டு இன்று தஞ்சோங் துவாலாங் சாலையோரத்தில் காட்சிப்பொருளாக நிற்கும் கப்பலின் எடை சுமார் 4,500 டன். அப்படி ஒன்றைக் கட்டுவதற்கு இலண்டன் பங்குச்சந்தையின் பணம் தேவைப்பட்டது. பணம் வந்த இடத்துக்கே இலாபமும் திரும்பியது, ஈயத்தின் விலையும் அங்கேயே தீர்மானமாயிற்று. 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கிச் செயலிழந்தபோது, ஈயத்தின் விலை சில மாதங்களில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. முதலீடு பெரிதாக இருக்கும் தொழிலில் உற்பத்தியாளர் திறமைசாலியாக இருந்தால் மட்டும் போதாது, விலையைத் தீர்மானிக்கும் இடத்தில் அவருக்கு இருக்கை இருக்க வேண்டும் என்பதை இவ்வூர் கற்றுக்கொண்ட விதம் இது.

தமிழர் இந்த ஈயத் தொழிலின் மையத்தில் இருந்தவர்களல்லர். கங்காணிகள் வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் எனும் பால்மரத் தோட்டங்களிலும், இரயில் பாதையிலும், பொதுப்பணித் துறைச் சாலைகளிலும் வேலை செய்தனர். கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில், ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் எழுப்பத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடிவு பெறாமல் நின்ற மாளிகையும், அதன் அருகே தொழிலாளருக்காக எழுந்த மாரியம்மன் கோயிலும் அக்காலத்துச் சான்றுகள். கோயிற்கூரையின் சுதை உருவங்களுக்கிடையில் துரையும் நிற்கிறார்.

தொலைத்தொடர்பின் வரலாற்றில் பேராக்கிற்கு விண்வெளிக்கு முந்தைய ஓர் இடமும் உண்டு. கடலடித் தந்திக் கம்பிகளின் மின்னோட்டம் உப்புநீரில் கசியாமல் காத்தது ‘கெட்டா பெர்ச்சா’ என்னும் மரப்பால். அது மலாய்த் தீபகற்பத்தின் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்திலிருந்து வந்தது. 1870–71 காலத்தில் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடிக் கம்பியால் இணைக்கப்பட்டன. கம்பியைப் போட்டவை தனியார் நிறுவனங்கள். அவற்றுக்கு நிலையான வாடிக்கையாளராக இருந்தது பேரரசின் நிர்வாகம். தனியார் முதலும் அரசாங்க வாடிக்கையும் சேர்ந்த அந்த ஏற்பாட்டையே இன்று விண்வெளித் துறையின் புதுமையாகப் பலர் எழுதுகின்றனர். கம்பிக்காக வெட்டி வீழ்த்தப்பட்ட தாபான் மரங்களின் விலை மட்டும் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

துணைக்கோள் வழித் தொடர்பு மலேசியாவுக்கு அரசாங்கத்தின் கைவழியாகவே முதலில் வந்தது. தமிழகத்தார் செயற்கைக்கோள் என்று வழங்குவதை மலேசியத் தமிழ் ஏடுகள் துணைக்கோள் என்றும் எழுதும். 1970-இல் குவாந்தானில் அமைந்த தரைநிலையம், பல நாட்டு அரசுகள் கூட்டாக நடத்திய இன்டெல்சாட் அமைப்பின் துணைக்கோள்களோடு நாட்டை இணைத்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு மலேசியா விண்வெளியில் வாடகைக்காரராகவே இருந்தது. அவ்வாறு இருந்ததில் தவறு ஏதும் இல்லை. சொந்த வீடு கட்ட இயலாதவர் வாடகை வீட்டில் இருப்பதே சிக்கனம்.

சொந்த வீட்டைக் கட்டியவர் தனியார் ஒருவர். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் 1938-இல் யாழ்ப்பாண வம்சாவளித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டு வணிகப் பள்ளியிலும் படித்து, 2024 நவம்பரில் மறைந்த த. ஆனந்தகிருஷ்ணன், தொலைபேசி, தொலைக்காட்சி, துணைக்கோள் ஆகிய மூன்றையும் ஒரே திட்டமாகக் கருதினார். அவருடைய பினாரியாங் நிறுவனத்துக்காக அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் கட்டிய மீசாட்-1, 1996 ஜனவரியில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் மீசாட்-2 தொடர்ந்தது. புவிநிலைச் சுற்றுப்பாதை என்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள துணைக்கோள் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். கிழக்கு நெட்டாங்கு 91.5 பாகையில் நிறுத்தப்பட்ட மீசாட், ஏறத்தாழ 101 பாகையில் உள்ள கோப்பெங்கிற்குச் சற்றே மேற்காக, கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கிறது.

இத்துணைக்கோளை நம்பி 1996-இலேயே ஆஸ்ட்ரோ என்னும் கட்டணத் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் தமிழ் அலைவரிசை ‘வானவில்’. பால்மரங்கள் வெட்டப்பட்டு அவற்றின் இடத்தில் செம்பனை நடப்பட்டும், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் ‘தாமான்’ எனப்படும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும், லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தும் கொண்டிருந்த காலம் அது. அரசாங்கத் தொலைக்காட்சியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட சொற்ப நேரத்துக்குக் காத்திருந்த வீடுகளுக்கு, நாள் முழுதும் தமிழ் பேசும் ஓர் அலைவரிசை மாதச் சந்தாவுக்குக் கிடைத்தது. கூரையில் பொருத்திய சிறு தட்டே அதற்கான கருவி. இந்தச் சிறுமையின் பின்னால் ஒரு பொறியியல் முடிவு உண்டு: கே-யூ பட்டை எனப்படும் உயர் அலைவெண் வரிசையில் வலுவாக ஒளிபரப்பினால்தான் வீட்டுக்கூரைக்கு ஏற்ற சிறு தட்டு போதுமானதாகும். ஆனால் அந்த அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்யும். வெப்பமண்டலத்தின் பெருமழையைக் கருதியே மீசாட்-1-இல் வலுமிக்க அலைபரப்பிகள் வைக்கப்பட்டன. அப்படியிருந்தும் மலையடிவாரத்தில் மாலை மழை கொட்டும்போது படம் உறைந்து மறைவது கிந்தா வீடுகளில் இன்றும் எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை.

விண்வெளிச் செலவின் வரலாற்றில் இந்த ஏற்பாட்டுக்கு உள்ள முக்கியத்துவம், நிகழ்ச்சிகளின் தரத்தைவிட அதன் பணவழியில் இருக்கிறது. ஈயக்கப்பலைப் போலவே துணைக்கோளுக்கும் முழுப்பணமும் முன்னதாகச் செலவாகிவிடும். வருவாயோ பதினைந்து ஆண்டுகளுக்குச் சிறுசிறு தொகையாகத் திரும்பும். அந்தச் சிறு தொகையைத் தவறாமல் தந்தவர்கள் இலட்சக்கணக்கான குடும்பங்கள்; தங்கள் சந்தாவில் ஒரு பகுதி ராக்கெட்டுக்குப் போகிறது என்று அவர்களில் பலர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வரவு தொடர்ந்ததால் மாற்றுத் துணைக்கோள்களுக்கும் பணம் கிடைத்தது: 2006 டிசம்பரில் ரஷ்யாவின் புரோட்டானில் மீசாட்-3 சென்றது, மீசாட்-3ஏ, 2008-இல் ஏவுதளத்தில் பளுதூக்கியால் சேதமடைந்து, பழுது நீக்கப்பட்டு, 2009 ஜூனில்தான் கிளம்பியது, 2014 செப்டம்பரில் ஏரியான்-5-இல் மீசாட்-3பி சென்றது. 2021 ஜூனில் மீசாட்-3 கோளாறுற்றுக் கைவிடப்பட்டபோது, ஒளிபரப்பை மற்றத் துணைக்கோள்களுக்கு மாற்ற முடிந்தது. 2022 ஜூன் 22 அன்று மீசாட்-3டி கூரூவிலிருந்து ஏறியது. அதே ஏரியான்-5-இல் உடன் சென்றது இந்திய அரசின் நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்துக்குரிய, டாட்டா பிளேக்கு முழுவதும் குத்தகைக்கு விடப்பட்ட ஜிசாட்-24. இரு நாட்டுக் கூரைத்தட்டுகளுக்கான துணைக்கோள்களும் ஐரோப்பிய ராக்கெட் ஒன்றில் செலவைப் பகிர்ந்துகொண்டு பயணம் செய்தன.

அரசாங்கம் நேரடியாக இறங்கிய முயற்சிகள் வேறு தன்மையுடையவை. 2000 செப்டம்பரில், பிரிட்டனின் சர்ரே நிறுவனத்தோடு இணைந்து கட்டிய 50 கிலோ எடையுள்ள தியுங்சாட்-1, பழைய ஏவுகணையை மாற்றியமைத்த நீப்பர் ராக்கெட்டில் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து சென்றது. தொழில் கற்பதே அதன் நோக்கம். அடுத்ததான ரசாக்சாட் பெரிய கனவு. வெப்பமண்டலத்தில் வானம் பெரும்பாலும் மேகம் மூடியிருப்பதால், துருவங்களைக் கடந்து செல்லும் வழக்கமான படப்பிடிப்புத் துணைக்கோள்கள் குறித்த நேரத்தில் வரும்போது மேகத்தையே காண்கின்றன. மாறாக, நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மலேசியாவின் மேல் வரும், மேகம் விலகிய ஒரு வேளையாவது அகப்படும். சுமார் 180 கிலோ எடையும், தரையில் 2.5 மீட்டர் அளவைப் பிரித்துக் காட்டும் கேமராவும், நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை மட்டுமே சாய்ந்த பாதையும் கொண்ட அந்த வடிவமைப்பில் உண்மையான சிந்தனை இருந்தது. நாட்டின் இருப்பிடத்திலிருந்தே பிறந்த சிந்தனை என்பதால், பின்னாளில் நேர்ந்த தோல்வியைக் கொண்டு அதையும் சேர்த்து ஏளனம் செய்வது நியாயமன்று.

அதைச் சுமந்து செல்லத் தேர்வு செய்யப்பட்டது, அப்போது பெரிதும் அறியப்படாத ஸ்பேஸ்எக்ஸ் என்னும் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் ஃபால்கன்-1. அந்த ராக்கெட் 2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பர் 28-இல் நான்காவது முயற்சியில் வெற்று எடையைச் சுமந்தே சுற்றுப்பாதையை எட்டியது. ஐந்தாவதாக, 2009 ஜூலை 14 அன்று, பசிபிக் கடலின் குவாஜலின் தீவுக்கூட்டத்திலுள்ள ஓமெலெக்கிலிருந்து ரசாக்சாட்டை ஏற்றிச் சென்றது. வாடிக்கையாளரின் துணைக்கோள் ஒன்றை ஸ்பேஸ்எக்ஸ் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்தது அதுவே முதன்முறை. பிறகு அந்நிறுவனம் ஃபால்கன்-1-ஐக் கைவிட்டுப் பெரிய ராக்கெட்டுக்குச் சென்றது. ரசாக்சாட்டோ மூன்றாண்டுகள் உழைக்க வேண்டியதிருக்க, ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் செயலிழந்தது, சுமார் 14.2 கோடி ரிங்கிட் செலவான அத்திட்டத்தைத் தலைமைக் கணக்காய்வாளரின் 2010-ஆம் ஆண்டறிக்கை கண்டித்தது. மாற்றுத் துணைக்கோள் அதன் இடத்தில் நிற்கவில்லை. இங்குதான் மீசாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் படுகிறது: துணைக்கோள் பழுதாவது இரண்டுக்கும் பொது, ஆனால் ஒன்றின் பின்னால் அடுத்ததற்கான பணம் மாதந்தோறும் சேர்ந்துகொண்டிருந்தது, மற்றதன் பின்னால் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மீண்டும் மன்றாட வேண்டிய அமைச்சு மட்டுமே இருந்தது.

மூன்றாவது வழி, பண்டமாற்று. 2003-இல் மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர்விமானங்களைச் சுமார் 90 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தபோது, விலையின் ஒரு பகுதியைப் பாமாயிலாகச் செலுத்தும் ஏற்பாடும் பேசப்பட்டது. ஈடுகட்டும் சலுகையாக மலேசியர் ஒருவரைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ரஷ்யா இணங்கியது. பெருந்தொகைக்கு ஆயுதம் வாங்கும் நாட்டுக்கு விற்பவர் வேறு வகையில் ஈடு தருவதை வணிகர்கள் ‘ஆஃப்செட்’ என்பர். அந்தப் பயணத்தின் மதிப்பு சுமார் 2.5 கோடி டாலர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. பால்மரத்தின் இடத்தைப் பிடித்த செம்பனையின் எண்ணெய், போர்விமானத்தின் விலையில் கலந்து, விண்வெளி இருக்கை ஒன்றாகவும் உருமாறிய கதை, தோட்டத்து வரலாற்றை எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று.

இருக்கைக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இறுதி நால்வருள் ஒரே பெண், தமிழரான பொறியாளர் வனஜா சிவா. தமிழ் ஏடுகளின் வாசகர்கள் அவருடைய பெயரை ஆவலோடு பின்தொடர்ந்தனர். 2006 செப்டம்பரில் எலும்பியல் மருத்துவரான ஷேக் முஸாஃபர் ஷுக்கோரும், மாற்றாகப் பல் மருத்துவரான ஃபாயிஸ் காலிட்டும் தேர்வாயினர். 2007 அக்டோபர் 10-இல் சோயுஸ் கலத்தில் பைக்கோனூரிலிருந்து புறப்பட்ட ஷேக் முஸாஃபர், அக்டோபர் 21-இல் திரும்பினார். நோன்பு மாதத்தின் இறுதியில் தொடங்கிய அப்பயணத்துக்காக, ஒரு நாளில் பலமுறை சூரியன் உதிக்கும் இடத்தில் தொழுகை நேரத்தையும் திசையையும் எவ்வாறு கொள்வது என்ற வழிகாட்டி ஒன்று வெளியிடப்பட்டது. சமயவியல் கோணத்தில் அத்திட்டத்தின் நிலைத்த பங்களிப்பு அதுவே எனலாம். அவரை விண்வெளி வீரர் என்பதா, நாசாவின் ஏடுகளில் கண்டபடி ‘பயணப் பங்கேற்பாளர்’ என்பதா என்ற விவாதம் நாட்டில் நெடுநாள் நடந்தது. உண்மையில் விவாதிக்க வேண்டியிருந்தது வேறொன்று: இரண்டாம் பயணம் நடைபெறவில்லை, ஃபாயிஸ் காலிட் தரையிலேயே நின்றுவிட்டார், திட்டம் கைவிடப்பட்டது.

விண்வெளி இருக்கையின் விலை இந்த இடைவெளியில் எப்படி ஏறியது என்பதைக் கொண்டு மலேசியாவின் முடிவை விளங்கிக்கொள்ளலாம். 1984 ஏப்ரலில் இந்தியாவின் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் சென்றபோது, அது நட்புறவின் அடையாளம். பயணச்சீட்டு என்ற பேச்சே எழவில்லை. 2001-இல் அமெரிக்கச் செல்வர் டெனிஸ் டிட்டோ சுமார் 2 கோடி டாலர் கொடுத்து முதல் சுற்றுலாப் பயணியானார். மலேசியர் பறந்த காலத்தில் நாசா ரஷ்யாவுக்குக் கொடுத்த கட்டணமும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருந்தது. 2011-இல் அமெரிக்காவின் விண்ணோடங்கள் ஓய்வு பெற்று, போவதற்கு வேறு வண்டி இல்லாமற்போனபின், 2020-இல் அது 9 கோடி டாலரைத் தொட்டது. ஈயத்தை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது, வாங்குபவரும் விற்பவரும் இடம் மாறியிருந்தார்கள் என்பதைத் தவிர. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா, ஆக்சியம் என்னும் தனியார் நிறுவனம் ஏற்பாடு செய்த பயணத்தில் சென்றதற்கு இந்தியா சுமார் 550 கோடி ரூபாய் செலவிட்டதாகச் செய்திகள் கூறின.

சரக்கின் விலையோ எதிர்த்திசையில் சென்றது. விண்ணோடத்தில் ஒரு கிலோ எடையைத் தாழ்சுற்றுப் பாதைக்கு ஏற்ற 50,000 டாலருக்கு மேல் ஆனதாகவும், ஃபால்கன்-9-இல் அது 3,000 டாலருக்கும் கீழே வந்ததாகவும் துறை ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. முதல் அடுக்கைத் தரையிறக்கி மீண்டும் பயன்படுத்துவது இதற்கு ஒரு காரணம். ஒப்பந்த முறை மற்றொன்று. அமெரிக்காவில் அரசாங்கம் பெரும்பாலும் ‘செலவும் ஊதியமும்’ என்ற முறையில், அதாவது நிறுவனம் செய்த செலவு முழுவதையும் ஈடுசெய்து அதன்மேல் ஊதியமும் கொடுக்கும் முறையில், ராக்கெட்டுகளைக் கட்டச் சொல்லி வந்தது. அவ்வகையில் உருவான எஸ்எல்எஸ் ராக்கெட்டும் ஓரியன் கலமும் சேர்ந்து, முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையர் 2022-இல் மதிப்பிட்டார். மற்ற முறை, விலையை முன்னரே உறுதிசெய்து, மிகுசெலவை நிறுவனத்தின் தலையில் வைப்பது. 2014-இல் வீரர்களை ஏற்றிச் செல்ல போயிங்குக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் தரப்பட்ட ஒப்பந்தங்கள் அத்தகையவை. தோட்டத்து மொழியில் சொன்னால், முன்னது மாதச் சம்பளம், பின்னது பாலின் எடைக்குக் கூலி. எடைக்கூலியில் மழைநாளின் நட்டம் பால்வெட்டியவருடையது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளத்துக்காக நெடுங்காலம் போராடியதும் அதனாலேயே. விண்வெளியில் அந்த மழையை போயிங் அனுபவித்தது: அதன் ஸ்டார்லைனர் கலம் 2024 ஜூனில் இருவரைச் சுமந்து சென்று, கோளாறுகளால் செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பியது, மிகுசெலவு நூறு கோடி டாலர்களைத் தாண்டியது. இலாபக் கணக்கில் ஆழ்ந்த பெருநிறுவனத்தையும் அதிகாலையில் வானத்தைப் பார்த்த பால்வெட்டியவரையும் ஒப்பிடுவது சற்றுக் கொடுமைதான். ஆனால் இடரை யார் சுமப்பது என்ற கேள்வி ஒன்றே.

செலவு குறைவதால் விலை குறைந்தே தீரும் என்று கொள்வதும் தவறு. ஒருமுறை பறந்த அடுக்குகளையே மீண்டும் மீண்டும் பறக்கவிட்ட பின்னும், ஃபால்கன்-9-இன் அறிவிக்கப்பட்ட விலை 6.2 கோடி டாலரிலிருந்து 2022-இல் 6.7 கோடியாக உயர்ந்தது. போட்டியாளர் வலுவற்றிருக்கும்வரை மிச்சம் பிடித்தது விற்பவரிடமே தங்கும்.

இந்தியா தேர்ந்த பாதை மலேசியாவுடையதிலிருந்து பிரிகிறது. 1963 நவம்பரில் காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய தும்பாவிலிருந்து அமெரிக்காவில் செய்த சிறு ராக்கெட்டைச் செலுத்தித் தொடங்கிய அந்நாடு, வாங்கிக்கொண்டே கட்டவும் கற்றது. சுக்லாவுக்காக வாங்கிய இருக்கை, சொந்தக் கலத்தில் வீரர்களை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான பயிற்சிச் செலவாகவே கருதப்படுகிறது. 2018-இல் சுமார் 9,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற அத்திட்டம், விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் உள்ளடக்கி 2024-இல் 20,193 கோடியாக விரிந்தது. தனியார்ப் பக்கத்தில், சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் வார்த்த இயந்திரத்தோடு 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனைக் கலத்தைச் செலுத்தியது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே செல்லலாம் என்பதே அவ்விடத்தின் பயன். அரசாங்கம் அடித்தளத்தைப் போட, தனியார் அதன்மேல் கடை விரிக்கும் இம்முறை, செலவைக் குறைக்குமா என்பதைவிட அறிவைத் தங்கவைக்குமா என்பதில் மலேசியாவுக்குப் பாடமாக அமையக்கூடியது.

மலேசியாவில் தேசிய விண்வெளி முகமையும் தொலையுணர்வு முகமையும் 2019-இல் ஒன்றாக்கப்பட்டன. 2022-இல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் நிறைவேறியது. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதால், அதை ஒட்டிய நாட்டுக்கு அந்த உந்துதல் விலையின்றிக் கிடைக்கிறது; அதனால் பகாங், சபா மாநிலங்களில் ஏவுதளம் அமைக்கும் யோசனைகள் அண்மைக் காலத்தில் பேசப்படுகின்றன. மலையிலிருந்து இறங்கும் நீருக்கு விலை இல்லை என்று கண்டுகொண்ட கார்ன்வால்காரர்களின் கணக்கும் இதுவே. அவர்களும் முதலில் குழாய்க்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கூரைகள் மாறத் தொடங்கியுள்ளன. ஒளியிழை இணையம் சென்ற தாமான்களில் இளையோர் தமிழ்ப்படங்களைக் கைப்பேசியில் பார்க்கின்றனர். தட்டு இருக்கும் வீடுகளில் அது பெரும்பாலும் மூத்தோருக்காக இயங்குகிறது. 2023 ஜூலையில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்கு மலேசியா உரிமம் வழங்கியது. மாதக்கட்டணம் 220 ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்டது, உயர்கல்வி நிலையங்களுக்காக 40 கருவிகளை வாங்கப்போவதாக அரசாங்கமும் தெரிவித்தது. ஃபால்கன்-1-க்கு வாடிக்கை தேவைப்பட்ட 2009-இல் ரசாக்சாட்டைக் கொடுத்த நாடு, பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் சந்தாதாரர் பட்டியலில் தன் பெயரைப் பதிந்துகொண்டது.